இருபதாம் வளைவிலிருந்து

பாஸ்போகோலின் சைட்டிடைல் ட்ரான்ஸ்பரேஸ்.
எழுத்துப் பிசகாமல் எழுதினால்
அரை மதிப்பெண் கூடப் போடுவார் எங்கள் வாத்தியார்.
சேலத்தில் எம்.எஸ்சி. படித்த இரண்டு வருடமும்
நான் ஓர் எழுத்தை விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

இப்போது நூற்றியெட்டில் வேலை.
ராத்திரி ஒன்றேமுக்காலுக்கு நாகலூரிலிருந்து அழைப்பு.
ரஞ்சிதம், காப்பிப் பழம் பறிக்கிறவள்.
முப்பத்தோரு வாரம். பனிக்குடம் கசிகிறது.
ஏற்காட்டு நர்ஸ் தொடையில் ஊசியைப் போட்டுவிட்டு
சீட்டு கிடைக்காமல்
என் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள்:
டெக்ஸா 6, மணி 2.20.

இருபது என்கிறது வளைவுப் பலகை.
தீர்த்தகிரி ஹாரனைத் தொட்டுத் தொட்டு விடுகிறான்.
பனிமூட்டம் எங்கள் வெளிச்சத்தை
எங்கள் முகத்திலேயே திருப்பி அடிக்கிறது.

அந்த ஊசி அவளுக்கானதில்லை.
கொடி வழியே இறங்கி
காற்றென்றால் என்னவென்றே தெரியாத
இரண்டு நுரையீரல்களில் போய்க் கதவைத் தட்டும்.
உள்ளே எழ வேண்டியது
நான் எழுத்துப்பிழையோடு அறிந்த அந்த நொதி.

அதன் குணம் ஒரு மாதிரி.
சவ்வு நிறைந்திருந்தால் எட்டிப் பார்க்காது,
உட்கருவில் சும்மா மிதந்து கிடக்கும்.
சவ்வில் கொழுப்பு குறைந்து
மூலக்கூறுகளுக்கு நடுவே சந்து விழ வேண்டும்.
விழுந்த சந்தில் தன் உடம்பின் ஒரு சுருளைச் செருகி
உட்காரும்.
உட்கார்ந்த பிறகுதான் அதற்கு வேலையே தெரியும்.
சந்து அடைபட்டதும் எழுந்து போய்விடும்.

பதினான்கு.
வலி ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை.

புது கேரிபேக்கைப் பிரித்திருக்கிறீர்கள்தானே?
இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கும்,
எச்சில் தொட்டு, தேய்த்து, ஊதி,
பின்னால் நிற்பவர் முணுமுணுக்க.
அந்தக் கொழுப்பு பூசாத நுரையீரலுக்கு
ஒவ்வொரு மூச்சும் ஒரு புதுப் பை.
நிமிடத்துக்கு அறுபது பை.
பிரிப்பது ஒன்றரைக் கிலோ ஆள்.

ஒன்பது.
"உள்ள என்ன சார் பண்ணுது?"
"கொழுப்பு சேக்குதும்மா."
பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.
"அவங்கப்பனுக்கு இருக்கறது போதாதா?"
தீர்த்தகிரி கண்ணாடியில் பார்த்து அவனும் சிரித்தான்,
எட்டாவது வளைவை அகலமாக எடுத்தான்.

நான் சிரிக்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
மருந்து முழுசாய்ப் பிடிக்க ஒரு நாள் ஆகும்.
மலை இறங்க முக்கால் மணி.
இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கோ என்று
யாரிடம் சொல்வது,
அவளிடமா, அதனிடமா?
ஐந்து. மூன்று.
அடிவாரத்தில் காது திறந்துகொண்டது.
கோரிமேடு, அஸ்தம்பட்டி,
சிவப்பு விளக்குகள் யாருக்காகவும் இல்லாமல் மாறிக்கொண்டிருந்தன.

பெரியாஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர்
என் கையைப் பிடித்துத் திருப்பி
வியர்வையில் கலைந்திருந்த மணியைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.
"இது ரெண்டா, மூணா?"
"ரெண்டு. ரெண்டு இருபது."
ஸ்ட்ரெச்சர் திரும்பியது.
ரஞ்சிதத்தின் ஒரு செருப்பு எங்கள் வண்டியிலேயே கிடந்தது.

குறையைப் பார்த்து வந்து, நிறைந்ததும் போகிற ஒன்றோடு
என்னை ஒப்பிட்டுக்கொள்ள ஆசைதான்.
ஆனால் அது
ஒப்படைத்ததற்கு ரசீதில் கையெழுத்து வாங்குவதில்லை.
மூன்றாம் நாள் வார்டுக்குப் போன் போட்டு விசாரிப்பதுமில்லை.

"எந்த ரஞ்சிதம்? ரெண்டு பேர் இருக்காங்க."
"நாகலூர். ஒத்தைச் செருப்பு."
"இருங்க, பாத்துட்டு வரேன்."
ரிசீவரை மேஜையில் வைத்த சத்தம்.
தூரத்தில் ஏதோ ஒரு குழந்தை, யாருடையதோ,
விட்ட மூச்சை முழுசாய் விட்டுவிடாமல்
கொஞ்சம் உள்ளேயே வைத்துக்கொண்டு
மறுபடி அழுதது.